சும்மா இருக்கும்போது

"இதுக்குச் சத்தமே கிடையாதா அண்ணி?"

வந்த இரண்டாம் நாள் பாப்பா கேட்ட கேள்வி அது. கூடத்து மூலையில் ஜன்னலை ஒட்டிக் கிடந்த மேசையில் அண்ணி லேப்டாப்பைத் திறந்து வைத்து, ஏதோ ஒரு கம்பெனியின் பயிற்சி வீடியோவில் பேசுகிறவர் இருமிய இடங்களையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தாள். பாப்பா குனிந்து மெஷினின் பக்கவாட்டில் காதை வைத்தாள். தூங்குகிற குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கிற மாதிரி இருந்தது அது. அந்த வீட்டில் அண்ணியிடம் எதைப் பற்றியும் யாரும் எப்படி என்று கேட்டதில்லை. எப்போது என்றுதான் கேட்பார்கள். சாப்பாடு எப்போது, துணி எப்போது காயும், வாசல் பல்பை எப்போது மாற்றுவாய். அதனால் பதில் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இருந்துச்சு. நான்தான் குறைச்சேன்."

"நீங்களா? கழட்டியா?"

"கழட்டல. உள்ள போற கரண்ட்டக் கொஞ்சம் குறைச்சேன்."

பாப்பா நிமிர்ந்து அவளை ஒரு தரம் முழுதாகப் பார்த்தாள். "ஊமை மாதிரி இருந்துக்கிட்டு என்னென்ன வேலை பண்றீங்க" என்றாள். கேலிதான். ஆனாலும் அண்ணி அன்று பொழுது சாயும்வரை அந்தக் கேலியை வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டே இருந்தாள்.

பாப்பா என்றால் சின்னப் பெண் இல்லை. முப்பதைத் தாண்டிப் பல வருஷம் ஆகிவிட்டது, காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. கடைக்குட்டி என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர், கல்யாணத்துக்குப் பிறகும் உதிரவில்லை. அண்ணிக்கும் அதே கதைதான். பாப்பா கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மாமியாரே அவளைப் பற்றிப் பேசும்போது "அண்ணி மாடியில இருக்கா" என்று சொல்லப் பழகிவிட்டாள். பாப்பாவின் அண்ணன், அதாவது இவளுடைய கணவன், வண்டி உதிரிபாகக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவன். அவன் மட்டும் இவளை எந்தப் பெயரிலும் கூப்பிடுவதில்லை. "இந்தா" என்பான். அவசரம் என்றால் "கேக்குதா" என்பான்.

குறைத்த கதைக்கு வருவோம். வெயில் தடையில்லாமல் இறங்குகிற மூன்றாவது மாடி வீடு. மெஷினோ எங்கேயோ ஒரு ஆபீசில் உழைத்து ஓய்ந்து கழித்துக் கட்டப்பட்டு வந்தது. வீடியோவை வெட்டி முடித்து, துண்டுகளையெல்லாம் ஒரே கோப்பாகக் கோர்க்கிற எக்ஸ்போர்ட் போட்டால் உள்ளே இருக்கிற குட்டி ஃபேன் தலைதெறிக்கச் சுற்றும். இடது பக்கத்து எழுத்துகளில் விரல் வைக்க முடியாது. மத்தியான வெயிலில் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நடக்கிறவளைப் போல அண்ணி அந்த விரல்களைத் தூக்கித் தூக்கி வைப்பாள். சூடு ஏற ஏற மெஷின் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சீக்கிரம் முடிய வேண்டியது இழுத்துக்கொண்டே போகும். எல்லாவற்றுக்கும் மேலாக மாமியாரின் மதியத் தூக்கம். "விமானம் ஏறுது, இறங்குது. டிக்கெட்டு ஒண்ணுதான் கிழிக்கல" என்பாள், புரண்டு படுத்தபடி.

அண்ணி ஒரு வீடியோவில்தான் வழியைக் கண்டுபிடித்தாள். தொழிற்சாலையில் மெஷினின் மூளையான பிராசசர் ஒவ்வொன்றுக்கும் ஒரே அளவாக, தாராளமாக வோல்டேஜ் வைத்து அனுப்பிவிடுகிறார்கள், எதுவும் பசித்து விழுந்துவிடக் கூடாதே என்று. பலவற்றுக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு புரோகிராமில் ஒரு கோடு இருக்கும், அதைப் படிப்படியாகக் கீழே இழுக்க வேண்டும். வேலை அதே வேலை, வேகம் அதே வேகம், சூடு மட்டும் இறங்கும். ஆனால் அளவு தாண்டினால் மெஷின் முனகாது, எச்சரிக்காது, அப்படியே உறைந்து நின்றுவிடும். நின்றால் பயப்படாதே, அணைத்துப் போட்டு இரண்டு படி மேலே ஏற்றி வைத்துக்கொள் என்றான் அந்த வீடியோக்காரன்.

குறைப்பது அண்ணிக்குக் கைவந்த கலை. அந்த வீட்டில் எதை எவ்வளவு குறைத்தால் யாருக்கும் தெரியாது என்பது அவளுக்கு அத்துப்படி. சோப்புத்தூளில் கால் பங்கு, தன் தட்டில் ஒரு கரண்டி, சொல்ல வந்த வாக்கியத்தில் பின்பாதி. ஒவ்வொரு படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் பிராசசரைப் பிழிந்தெடுக்கிற ஒரு சோதனையை ஓடவிட்டு, துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு வந்து பார்ப்பாள். நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு படி. ஒரு நாள் மாடியிலிருந்து இறங்கி வரும்போது திரை உறைந்திருந்தது. அணைத்துப் போட்டு ஒரு படி ஏற்றினாள். சோதனை போட்டாள், உறையாமல் ஓடியது. இரண்டாவது படியையும் ஏற்றத்தான் போனாள். ஏற்றியும் பார்த்தாள். ஏற்றினால் ஃபேன் மெலிதாக ஒரு இழை போல இரைந்துகொண்டே இருந்தது. இறக்கினால் சுத்தமாக நின்றுவிட்டது. அந்த நிசப்தத்தில் மாமியார் குறட்டை விடுகிற சத்தம் அடுத்த அறையிலிருந்து கேட்டது. அண்ணி ஒரு படியோடு விட்டுவிட்டாள்.

பாப்பா வந்தது அதற்கு அப்புறம். ஒரு தோள் பையும் கண்ணாடிக் கூடுமாகப் புருஷன் வீட்டிலிருந்து வந்து நின்றாள். அடித்தானா என்று அண்ணன் கேட்டான், இல்லை என்றாள். குடியா, இல்லை. வேறு பெண்ணா, அதெல்லாம் இல்லை. "அப்புறம் என்னதான்டி?" என்று மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அலுத்துப்போச்சும்மா."

"அலுத்துப்போறதெல்லாம் ஒரு காரணமா? எனக்குந்தான் உங்கப்பன் இருந்த வரைக்கும் அலுத்துப்போச்சு. நான் எந்த வீட்டுக்குப் போனேன்?"

"உனக்குப் போக இடமில்ல. எனக்கு இருக்கு" என்றாள் பாப்பா. இருக்கிறது என்று அவள் சொன்ன இடம் கூடத்தில் ஒரு பாய். அதையும் சுருட்டி வைத்தால்தான் கதவைத் திறக்க முடியும். 

இரண்டு நாள் தொலைபேசியில் பேசிப் பேசி அண்ணனும் மாப்பிள்ளையும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு மாதம். பாப்பாவுக்கு வேலை நிலைத்தால் அவள் இஷ்டம். நிலைக்கவில்லை என்றால் அண்ணனே கொண்டுபோய் விட்டுவிடுவான். பாப்பா தலையாட்டினாள். வேலை துணி துவைக்கும் மெஷின் விற்கிற ஒரு கம்பெனியில், வீட்டிலிருந்தே. மெஷினில் கோளாறு என்று எழுதிக் கேட்கிறவர்களுக்கு எழுத்திலேயே பதில் சொல்ல வேண்டும். முதல் மாதம் சோதனை. தேறிவிட்டால் கம்பெனியே லேப்டாப் தரும், சம்பளமும் ஒரு பெண்கள் விடுதி அறைக்குக் கட்டுப்படியாகும். அறையைக்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "ஒரு கட்டிலு, ஒரு ஜன்னலு அண்ணி. வேற ஒண்ணும் வைக்க முடியாது. கதவச் சாத்துனா எனக்கு என் மூச்சுதான் கேக்கும்" என்றாள். ஊருக்குப் போய்வந்தவர்கள் கடலைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

காலை நேரம் பாப்பாவுக்கு, மதியத்துக்கு மேல் அண்ணிக்கு என்று ஒரே நாற்காலியை இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். அண்ணி சமையலறையில் நிற்கும்போது கூடத்திலிருந்து பாப்பாவின் குரல் வந்துகொண்டே இருக்கும். "அண்ணி, ஒருத்தர் எழுதுறாரு, மெஷினு குளியலறையிலேருந்து குதிச்சுக் குதிச்சு நடைக்கு வந்துடுச்சாம். எங்க கிளம்புச்சுன்னு கேட்டீங்களா சார்னு போடவா?" அண்ணி கரண்டியைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரிப்பாள். பிறகு பாப்பா ஒழுங்கான பதிலை அடிப்பாள். பிறகு அடுத்த ஆள் வரும்வரை கன்னத்தில் கை வைத்துக் காத்திருப்பாள். அந்த வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். ஆனால் இருக்கையில் இருந்தே காத்திருக்க வேண்டும். தொடர்பு விட்டுப்போனால், சொல்லாமல் எழுந்து போனவள் என்று அவள் பெயருக்கு எதிரே ஒரு குறி விழும். குறிகள் சேர்ந்தால் வேலை போய்விடும்.

முதல் தடவை மெஷின் நின்றபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அணைத்துப் போட்டார்கள், வந்துவிட்டது. மறுவாரம் மறுபடி நின்றது, அப்புறம் அடுத்த நாளே. பாப்பா எழுத்துகளையெல்லாம் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பாள், திரை சுவரில் மாட்டிய படம் போல அசையாமல் இருக்கும். அண்ணி உட்கார்ந்து பார்த்தால் ஒன்றும் ஆகாது. மதியம் முழுக்க வெட்டி, ஒட்டி, எக்ஸ்போர்ட் போட்டு, இருட்டும்வரை பிழிந்தாலும் அது கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

"உங்கண்ணி மாடு மாதிரி ஓட்டுறா, நிக்கல. நீ நாலு எழுத்து தட்டுறதுக்குள்ள நின்னுடுதா?" என்றான் அண்ணன், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி. 

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் மாமியார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவளுக்குக் கை ராசி இல்லைடா. போன எடத்துல எல்லாம் ஏதாவது நிக்குது" என்றாள். தாழ்த்தியது பாப்பாவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அண்ணி அப்போது மனதார யோசித்துப் பார்த்தாள். வோல்டேஜாக இருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்கு ஒரு தரம் வரத்தான் செய்தது. ஆனால் எவ்வளவு கடினமாகச் சோதித்திருக்கிறாள். மூட்டை தூக்குகிறவன் மூட்டையோடு நடந்துவிட்டு, வெறுங்கையோடு நடக்கும்போதா விழுவான்? நெட் இணைப்பாக இருக்கலாம், கம்பெனியின் புரோகிராமாக இருக்கலாம் என்றாள் பாப்பாவிடம். பாப்பா தலையை ஆட்டினாள். "மெஷினுல ஒண்ணும் இருக்காது அண்ணி. நீங்க கை வச்சது. என் நேரம்தான்." அன்றிலிருந்து பாப்பா உட்காருவதற்கு முன்னால் கை கழுவ ஆரம்பித்தாள். எழுத்துகளை அழுத்தாமல் தடவினாள். நாற்காலியைக் கிழக்கே திருப்பினாள், இரண்டு நாள் கழித்து மேற்கே திருப்பினாள். ஒரு நாள் காலை வெறும் வயிற்றோடு உட்கார்ந்தாள். எதற்கு என்று அண்ணி கேட்டதற்கு, "சும்மா, பாக்கலாம்னு" என்றாள். அன்றும் நின்றது.

பிறகு கடல் வந்தது. காத்திருக்கும் நேரத்தில் கண் எரிகிறதென்று பாப்பா திரையின் மூலையில் சின்னதாக ஒரு கடல் வீடியோவை ஒலியில்லாமல் ஓடவிட்டாள். மணிக்கணக்கில் அலை வந்து போகும், வேறு ஒன்றுமே நடக்காத வீடியோ. அன்று மெஷின் நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. மூடிப் பார்த்தாள், மதியத்துக்குள் நின்றது. "கடல் ஓடுனா நிக்க மாட்டேங்குது அண்ணி. கடல மூடுனா நின்னுடுது" என்று கிசுகிசுத்தாள், யாருக்காவது தெரிந்தால் பலிக்காமல் போய்விடும் என்பது போல. மாமியார் காதில் அது விழுந்துவிட்டது. "மெஷினுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. நல்ல பொழப்பு." ஆனாலும் அந்தச் சில நாட்கள் அந்த வீட்டில் நன்றாக இருந்தன. பாப்பா விடுதி அறைக்கு ஜன்னல் திரை எந்த நிறத்தில் வாங்கலாம் என்று அண்ணியிடம் கேட்டாள். நீலமா பச்சையா என்று இருவரும் ஒரு முழுக் காலை விவாதித்தார்கள். அண்ணி முதல் தடவையாக ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக இருந்தாள். பச்சை.

சோதனை மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது சூப்பர்வைசரிடமிருந்து செய்தி வந்தது. வேலை நேரத்தில் வீடியோ பார்ப்பதாகக் கம்பெனியின் புரோகிராம் காட்டுகிறது, இது கடைசி எச்சரிக்கை, இன்னும் ஒரு குறி விழுந்தால் சோதனையில் தேறவில்லை என்று கருதப்படும். பாப்பா அதை இரண்டு தரம் படித்துவிட்டுக் கடலை மூடினாள். நல்லவேளையாக அன்று வேலை முடியும்வரை மெஷின் நிற்கவில்லை. எழுந்து நாற்காலியை அண்ணியிடம் கொடுத்துவிட்டு, பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

அண்ணிக்கு அன்று அனுப்பியாக வேண்டிய வீடியோ ஒன்று இருந்தது. நீளமானது. எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு, கை வேலை இல்லாமல், நகர்கிற பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். கடலை மூடினால் நிற்கிறது. அந்த வாக்கியம் மனதில் தானாக ஓடிக்கொண்டிருந்தது, அர்த்தமில்லாத பாட்டு வரி ஓடுகிற மாதிரி. கடல் ஓடினால் மெஷினுக்கு ஒரு வேலை இருக்கிறது. மூடினால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் பிராசசர் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும், கரண்ட்டையும் ஏற்கெனவே சொற்பமாகத்தான் எடுத்துக்கொள்ளும். அந்தச் சொற்பத்திலும் அவள் வெட்டிவிட்ட அளவு அப்படியே வெட்டிக்கொண்டுதான் இருக்கும். மூட்டையோடு அவன் விழவில்லை. இறக்கி வைத்துவிட்டு உட்காருகிறபோதுதான் விழுகிறான். அவள் வேலை கொடுத்துக் கொடுத்துத்தான் சோதித்திருக்கிறாள். சும்மா இருக்கவிட்டுச் சோதிக்கவே இல்லை. சும்மா இருப்பதற்கும் தெம்பு வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கூடம் கோணல்தான். கோணலாக்கியது அவள்.

பாயில் படுத்திருந்த பாப்பாவின் முதுகைப் பார்த்தாள். எழுப்பிச் சொல்லலாம். சொன்னால் மாமியார் காதில் விழும், ராத்திரி கணவன் காதுக்குப் போகும். "யாரு உன்ன அதுல கை வைக்கச் சொன்னா" என்ற கேள்வி இந்த வருஷம் முழுக்க வரும். சொல்லவே வேண்டாம், இரண்டு படி ஏற்றிவிட்டால் போதும், நாளை ஒரு நாள்தான், தேறிவிடுவாள். ஆனால் எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிறபோது வோல்டேஜ் கோட்டைத் தொட அவளுக்குப் பயம். நின்றுவிட்டால் மதியம் முழுக்கச் செய்தது போச்சு. முடியட்டும் என்று காத்திருந்தாள். முடிந்தபோது சாப்பாட்டு வேளை. பரிமாறி, பாத்திரம் துலக்கி, வீடியோவை அனுப்பிவிட்டுப் பார்த்தபோது அவளுடைய கண்கள் எழுத்துகளை இரண்டிரண்டாகக் காட்டின. இரண்டு படி போதுமா, மூன்று வேண்டுமா, எதற்கும் ஒரு சோதனை போட வேண்டும். சும்மா இருப்பதை எப்படிச் சோதிப்பது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமே. அவளால் முடியவில்லை. காலையில், பாப்பா உட்காருவதற்கு முன்னால், இரண்டு நிமிஷம். மூடியைச் சாத்திவிட்டுப் படுத்தாள்.

காலையில் துணியை ஊறவைத்துவிட்டு, பின்பக்கம் போய் ஒரு வாளி அலசிவிட்டு வந்தபோது பாப்பா மேசையில் இருந்தாள். கடைசி நாள் என்று ஒரு மணி நேரம் முன்னதாகவே உட்கார்ந்துவிட்டாள். தலை வாரி, வெளியே கிளம்புகிறவள் போலப் புடவை கட்டியிருந்தாள், யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும்.

"பாப்பா, ஒரு நிமிஷம் எந்திரிக்கிறியா?"

பாப்பா திரும்பாமல் இடது கையை உயர்த்தினாள். "ரெண்டு பேரு லைன்ல இருக்காங்க அண்ணி."

அண்ணி வாளியோடு நின்றாள். ஒரு நிமிஷம்தான் என்று இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். அந்த உயர்த்திய கை இறங்கும்வரை நின்றிருக்கலாம். ஆனால் இரண்டு பேர் லைனில் இருக்கிறார்கள் என்றால் மெஷினுக்கு வேலை இருக்கிறது, வேலை இருக்கிறவரை அது நிற்காது என்று அவளுக்கு இப்போது தெரியும். தெரிந்ததே அவளுக்குச் சாக்காகவும் ஆகிவிட்டது. துணியைக் காயப்போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று மாடி ஏறினாள். மாடியில் காற்று இல்லை. ஈரத் துணி தோளில் கனத்தது. போர்வையைப் பிழியத் தெம்பில்லாமல் சொட்டச் சொட்ட அப்படியே போட்டாள்.

இறங்கி வந்தபோது பாப்பா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "ரெண்டு பேரையும் நல்லபடியா அனுப்பிட்டேன் அண்ணி. ஒரு அம்மா நன்றின்னு மூணு தடவ போட்டுச்சு. அதுக்கப்புறம் ஈ காக்கா இல்ல. கடைசி நாளு, பாவம் பாக்குறாங்க போல." அண்ணி திரையைப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. அந்த அம்மாளின் மூன்று நன்றியும் அதற்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டமும். பிறகு திரையின் மூலையில் மணி காட்டும் எண்களைப் பார்த்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரம் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. அண்ணி மாடியில் போர்வையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் பாப்பா உறைந்துபோன ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு, இடத்தை விட்டு அசையாமல் காத்திருந்திருக்கிறாள்.

"பாப்பா, அந்த மணியப் பாரு."

பாப்பா பார்த்தாள். கையைக் கன்னத்திலிருந்து எடுக்க அவளுக்குச் சற்று நேரம் ஆயிற்று. மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்த போன் அந்த நேரம் பார்த்து ஒரு தரம் அதிர்ந்தது.

மதியம் அண்ணி பாப்பா சுவரில் ஒட்டி வைத்திருந்த சூப்பர்வைசரின் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு மாடிக்குப் போனாள். அறிமுகமில்லாத எண்ணுக்கு அவள் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம். எடுத்தது ஒரு பெண், சின்ன வயசு. குரலிலேயே அன்றைக்கு எத்தனை பேரிடம் பேசியிருப்பாள் என்று தெரிந்தது. அண்ணி வோல்டேஜ், படி, சும்மா இருக்கும்போது என்று கோர்வையில்லாமல் சொல்லி முடித்தாள்.

"அக்கா, மெஷின் கோளாறுன்னு தினம் பத்துப் பேரு சொல்றாங்க. எங்களுக்கு மெஷின் தெரியாது. சீட்டுல ஆளு இருக்காங்களா இல்லையான்னுதான் தெரியும்."

"இருந்தா. அசையாம உக்காந்துதான் இருந்தா."

"நீங்க சொல்றீங்க. அவங்க உங்களுக்கு யாரு?"

"நாத்தனார்."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. கேலியில்லாத, களைத்த சிரிப்பு. "நாத்தனாருக்காகப் பேசுற ஆள இப்பத்தான் பாக்குறேன். ஆனா ஒண்ணும் பண்ண முடியாதுக்கா. அவங்க கணக்கு தானா மூடிக்கும்." பிறகு வேறு யாருக்கோ வணக்கம் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் பாப்பாவே கம்பெனியின் செய்தியைத் திறந்து போனை நீட்டினாள். அவன் படித்தான். திட்டுவான் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், அவன் திட்டவில்லை. "சரி. காலையில கிளம்பலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போனான். மாமியாரும் ராசியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மகளை எதிரே உட்காரவைத்து, வேண்டாம் வேண்டாம் என்கிறவளுக்கு எண்ணெய் வைத்துத் தலை பின்னினாள். சிக்கெடுக்கும்போது, "அலுப்பு எல்லா வீட்டுலயும் ஒண்ணுதான்டி" என்றாள்.

அண்ணி மேசையில் உட்கார்ந்து அந்த வோல்டேஜ் கோட்டை இரண்டு படி இல்லை, கடைசி வரை மேலே ஏற்றினாள். குறைத்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சற்று நேரத்தில் ஃபேன் எழுந்தது. முதலில் இழை போல, பிறகு முழுத் தொண்டையோடு. "என்ன, மறுபடியும் விமானமா?" என்றாள் மாமியார் உள்ளேயிருந்து. அண்ணி எழுந்து பாப்பாவிடம் போனாள். பாப்பா பாயில் உட்கார்ந்து துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அந்த இரைச்சல் இருந்ததால்தான் அண்ணியால் பேச முடிந்தது என்று நினைக்க வேண்டும்.

"உன் ராசியெல்லாம் இல்ல பாப்பா. நான் குறைச்சு வச்சேன்ல, ஒரு படி அதிகமாக் குறைச்சுட்டேன். வேலை இருந்தாத் தாங்குது. சும்மா இருக்கும்போது தாங்கல. உன் வேலையில பாதி நேரம் சும்மா இருக்கிறதுதானே. என் கையில நிக்காம உன் கையில நின்னது அதனாலதான்."

பாப்பா ஒரு ரவிக்கையை மடித்து வைத்தாள். அவள் முகத்தில் கோபம் வரவில்லை. இத்தனை நாளாகக் கழுவிக் கழுவி உட்கார்ந்த தன் கைகளைத் திருப்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். வெகுநாள் நோய்க்குப் பெயர் தெரிந்துகொண்டவளைப் போல ஒரு மூச்சு விட்டாள். ராசி இல்லை என்பதில் அவளுக்கு ஏதோ ஒன்று கிடைத்திருக்க வேண்டும். அண்ணிக்கும் அப்பாடா என்று இருந்தது. அப்போதுதான் பாப்பா கேட்டாள்.

"எப்பத் தெரிஞ்சுது?"

இப்பத்தான் என்று சொல்லியிருக்கலாம். மாடியில் போன் பேசும்போது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லைக் குறைப்பது அவளுக்குப் பெரிய காரியமில்லை. அண்ணி வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"நேத்து சாயங்காலம்."

பாப்பா அவளைப் பார்த்தாள். நேற்று சாயங்காலத்திலிருந்து இன்று காலை வரை என்னென்ன நேரம் இருந்தது என்று அந்தப் பார்வை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது போலிருந்தது. மடித்து வைத்த ரவிக்கையை எடுத்து உதறி, முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் அண்ணிக்கு வேலை ஒன்றும் அவசரமில்லை. ஆனாலும் பாப்பா கிளம்புகிற நேரத்தில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியாது என்று தோன்றியதால் பழைய வீடியோ ஒன்றை எடுத்து எக்ஸ்போர்ட் போட்டு வைத்திருந்தாள். ஃபேன் இரைந்தது. மேசையின் மரம்கூட லேசாக அதிர்ந்தது. கணவன் வண்டியைத் துடைக்கிறேன் என்று முன்னாலேயே கீழே போய்விட்டான். பாப்பா அம்மாவிடம் ஏதோ சொன்னாள், அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு பாப்பா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தாள். அண்ணி எழுந்து நின்றாள். லேப்டாப்பின் பக்கத்தில் கிடந்த கண்ணாடிக் கூட்டை எடுக்க பாப்பா கையை நீட்டினாள். ஃபேனிலிருந்து வந்த சூட்டுக் காற்று அந்தக் கை மேல் பட்டது. புறங்கையில் இருந்த மெல்லிய மயிர்கள் அசைந்தன. கை ஒரு கணம் அங்கேயே இருந்தது. கூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சுருட்டி வைத்த பாயைக் காலால் ஒதுக்கிக் கதவைத் திறந்து, அவள் வெளியே போனாள்.

கதவு பாதியில் நின்றது. அண்ணி படிக்கட்டின் பக்கம் காதைத் திருப்பினாள். மூன்று மாடி, செருப்புச் சத்தம் கீழே போய்ச் சேரும்வரை கேட்கக்கூடிய படிக்கட்டுதான் அது. ஆனால் மெஷின் தன் முழுத் தொண்டையோடு கத்திக்கொண்டிருந்ததில் ஒன்றுமே கேட்கவில்லை. எந்த மாடி வரைக்கும் போயிருப்பாள், எங்காவது நின்றாளா, எதுவும் தெரியவில்லை. அண்ணி அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்று, திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்த முதல் இரண்டு படிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.